காக் கெனாப்பா வரைந்த பள்ளி

எங்கள் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரைய வந்தவர், முதல் நாள் முதல்வர் அறைக்கு வந்து சேரவே இல்லை. கூட்டம் பதினோரு மணிக்கு. கட்டடக் குழுவில் இருந்த ஏழு பேரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டோம். மேசையில் கறிப்பாப்பும் தேநீரும் ஆறிக்கொண்டிருந்தன. பதினொன்றே முக்காலுக்குக் காவலர் வந்து, வாசலில் ஒரு பெண் ஒரு மணி நேரமாக நின்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை பிடிக்கிற ஆளோ என்னவோ என்றார். குழுவின் செயலாளர் நான்தான். எழுந்து போனேன்.

ஐம்பது வயது இருக்கும். தலையில் சாம்பல் நிறத் தூடோங் முக்காடு, அதற்குள் காதோரம் செருகிய பென்சில், கக்கத்தில் சுருட்டிய தாள், காலில் ஓடுகிறவர்கள் போடும் சப்பாத்து. எஸ்டேட் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சார், இந்தப் புள்ளைங்களுக்கு ஸ்கூலு எத்தன மணிக்கு?"

"ஒண்ணே காலுக்கு மேடம்."

"இப்பவே வந்துட்டாங்களே, ஏன்?"

"பஸ் இப்பதான் வரும்."

"பஸ் ஏன் இப்ப வருது?"

"அது எப்பவும் அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

பஸ்காரர் அடுத்து தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும், அதனால் எங்கள் பிள்ளைகளைப் பதினொன்றரைக்கே இறக்கிவிட்டுப் போகிறார் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். "சரி. ஒண்ணே முக்கா மணி நேரம் எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து ஆண்டுகளாக மேற்பார்வையாளர் நான். எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் அவருக்கு ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். 'காக் கெனாப்பா.' மலாயில் கெனாப்பா என்றால் ஏன். ஏன் அக்கா. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் போட்டு, ஏன் எழுதினீங்க என்று கேட்பார். அவரைப் பார்த்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பழைய எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கட்டடம் ஏன் அத்தனை அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிம்பாங் ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைநிலைப்பள்ளி எங்களுடையது. வகுப்பறைகள் போதாததால் பெரிய பிள்ளைகள் காலையிலும், முதல் இரண்டு வகுப்புகளான படிவம் ஒன்றும் இரண்டும் பிற்பகலிலும் படித்தார்கள். ஆறரைக்கு மணி அடித்து, பஸ் மூன்று தோட்டம் சுற்றி, கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிடும். மழைக்காலத்தில் செம்மண் பாதையில் பஸ் சிக்கிக்கொண்டால் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார்கள். மறுநாள் அம்மாமார்கள் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். "அடுத்த வருஷம் பில்டிங் வந்துரும்க்கா, எல்லாரும் காலையிலேயே படிக்கலாம்" என்று ஐந்து அடுத்த வருஷங்களாகச் சொல்லியிருந்தேன்.

கடைசியில் அனுமதி வந்தது. இருபத்து நான்கு வகுப்பறை. கணக்குப் போட்டால் சரியாக அத்தனைதான் தேவை. ஒன்று குறைந்தாலும் ஒரு வகுப்பு பிற்பகலிலேயே தங்கிவிடும். ஒரு வகுப்பு தங்கினால் பஸ் தங்கும், இருட்டு தங்கும். வரைபடம் மாத முடிவுக்குள் போகாவிட்டால் அனுமதி வேறு பள்ளிக்கு என்றும் சொல்லிவிட்டார்கள். ஜோகூர் பாருவில் இருந்த ஒரு கட்டடக் கலை அலுவலகம் அனுப்பிய ஆள் இவர். கையில் ஒரு தயார் வரைபடம் இருந்தது. இரண்டு கோடு மாற்றிக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் நீல ராஃபியா கயிறு ஆறு உருண்டை வாங்கி வந்தார்.

திடலில் குச்சி நட்டு, கயிறு கட்டி, கட்டடத்தின் தரைத்தளத்தை அசல் அளவில் புல்மேல் வரைந்துவிட்டார். இங்கே சுவர், இங்கே கதவு, இது படிக்கட்டு. பந்து விளையாட்டுப் பயிற்சியாளர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். முதல்வர் விஷயம் அறிய வந்தவர் கயிற்றைத் தாண்டி நேரே நடந்தார். "துவான், சுவரை இடிச்சிட்டு வர்றீங்க" என்று இவர் மலாயில் சொல்ல, முதல்வர் திடுக்கிட்டுப் பின்வாங்கி, கதவு வழியாக வந்தார். ஆறடி உயரமும் மீசையுமான மனிதர் இல்லாத கதவை வளைந்து கடந்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு வகுப்பை வரவழைத்து, மணி அடிக்கச் சொல்லி, கயிற்றுப் பள்ளிக்குள் நடக்கவிட்டார். கணினி அறைக்குப் போங்கள் என்றார். பிள்ளைகள் அந்த அறையின் வாசலுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலேயே, சப்பாத்தைக் கழற்றினார்கள். கணினி அறைக்குள் சப்பாத்துடன் யாரும் போவதில்லை. அது பள்ளியின் பழக்கம், உடம்பில் ஊறிப்போனது. நாற்பது ஜோடி வெள்ளைச் சப்பாத்து புல்லில் குவிந்தது. அது குவிந்த இடம், கயிற்றின்படி, படிக்கட்டின் அடிவாரம்.

"இது யாராவது வரைஞ்சிருக்காங்களா சார்?"

"எது?"

"சப்பாத்து."

சப்பாத்தை யார் வரைவார்கள்? மேல் மாடியிலிருந்து மூன்று வகுப்பு இறங்கும்போது நாற்பது ஜோடி சப்பாத்து காலில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முதல்வரே நெற்றியைத் தடவிக்கொண்டு, கணினி அறையை அந்தக் கோடிக்கு மாற்றுங்கள் என்றார்.

அவருடைய குணம் இதுதான். வாயால் சொன்ன எதையும் அவர் நம்பமாட்டார். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல; மனிதர்களுக்குத் தாங்கள் செய்வது தெரியாது என்பது அவர் கட்சி. அவருடைய வாப்பா குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாராம். "நான் மேச தொடச்சு வளந்தவ சார். சாப்பாடு எப்படின்னு கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. மிச்சம் வச்ச தட்டப் பாக்கணும்" என்றார் ஒரு நாள். அதைச் சொல்லும்போதும் கண் என் தட்டில்தான் இருந்தது. நான் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

இந்தக் குணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று எனக்கு யோசனையாக இருந்தது. செனாயில் வீடு. கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. ஒருமுறை அந்தக் கணவர் போனில் பேசியது ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டுவிட்டது: "ரெண்டு வருசமா கிச்சன் சிங்க் நடையில கெடக்கு. அத எங்கதான் வைக்கப் போற?" இவர் நிதானமாக, "இன்னும் பாத்துட்டு இருக்கேன்ங்க. நீங்க தண்ணி குடிக்க எந்தப் பக்கமா வர்றீங்கன்னு ஒரு முடிவுக்கு வர முடியல" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அந்த மனிதர் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

இரண்டு வாரம் ஓடிவிட்டது. தயார் வரைபடத்தில் பென்சில் கோடுகள் பெருகினவே தவிர கையெழுத்து விழவில்லை. நான் தினமும் நாள்காட்டியைப் பார்த்தேன். அவர் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், தூக்கித்தான் பார்த்தார். "கொஞ்சம் குடும்மா" என்று வாங்குவார், எடை பார்ப்பதுபோல் ஒரு தரம் தூக்குவார், திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி மூன்று நாள். என் பொறுமை போய்விட்டது. கட்டடத்துக்கும் போத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேவிட்டேன்.

"பையனுங்க போத்தல் காலி சார். பொம்பளப் புள்ளைங்க போத்தல் வரும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே வீட்டுக்குப் போவுது. ஏன்?"

வெயில் கொளுத்தும் ஊர். தகரக் கூரை வகுப்பறை. ஐந்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு நிறைந்த போத்தலைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, பிற்பகல் மூன்று மணிக்குமேல் தலைவலி என்று என் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெண்பிள்ளைகள். மேசையில் தலை சாய்த்துக்கொள் என்று சொல்லி அனுப்புவேன். பத்து ஆண்டுகளாக அனுப்பியிருக்கிறேன்.

பிள்ளைகள் அவரிடம் சுலபத்தில் சொல்லவில்லை. கடைசியில் படிவம் இரண்டில் ஒரு பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். "தண்ணி குடிச்சா தண்டாஸ் போவணும் அக்கா. அங்க அண்ணனுங்க உக்காந்திருப்பாங்க." கழிவறை பள்ளிக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள் கொட்டகையைத் தாண்டி இருந்தது. காலைப் பிரிவில் படித்த பெரிய பையன்கள் பயிற்சிக்காகத் தங்கி, அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். ஏதாவது செய்வார்களா என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை, "ஒண்ணும் செய்யமாட்டாங்க. பாப்பாங்க. அவ்ளோதான்" என்றாளாம்.

"நாளைக்கே அவனுங்கள அங்கேருந்து வெரட்டிடறேன் மேடம்" என்றேன்.

"வெரட்டுவீங்க சார். அடுத்த வருஷம்? அதுக்கடுத்த வருஷம்? கட்டடம் அம்பது வருஷம் நிக்கும். நீங்க நிப்பீங்களா?"

புது வரைபடத்திலும் கழிவறை பின்னால்தான் இருந்தது, தனிக் கொட்டகையாக. அவர் அதை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றார். தரைத்தளத்தில், நடுவில், அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஆசிரியர்கள் போய்வரும் நடையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை. பையன்கள் உட்கார்ந்து பார்க்க இடமே இல்லாத இடத்தில். அதற்கு ஒரு வகுப்பறை அளவு இடம் வேண்டும். ஒரு வகுப்பறையை எடுத்தால் இருபத்து மூன்று.

நான் முடியாது என்றேன். நான் விடாக்கண்டன், அவர் கொடாக்கண்டர். மூன்று நாள் கேண்டினில் உட்கார்ந்து மல்லுக்கட்டினோம்.

"ஒரு கிளாஸ் மத்தியானத்துல தங்கிருச்சுன்னா நாப்பது புள்ளைங்க இருட்டுல போவாங்க மேடம். தண்டாஸுக்காக அத விட முடியாது."

"நானும் விடச் சொல்லல சார்."

"அப்ப தண்டாஸ விடுங்க."

"அதையும் விட முடியாதே. ஐந்நூறு பொம்பளப் புள்ளைங்க சார்."

"மேல மாடி கட்டலாம்ல?"

"அனுமதி மூணு மாடிக்குத்தான்."

மூன்றாம் நாள் நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். "உங்களுக்குக் கட்டடம் வேணாம் மேடம், கேள்விதான் வேணும். பத்து வருஷம் இந்தப் புள்ளைங்களோட நான்தான் மாரடிக்கிறேன், உங்களுக்கு என்ன தெரியும்?" அவர் எழுந்தார். தாளைச் சுருட்டி, பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்னது அநியாயம். மூன்று வாரத்தில் அவருக்குத் தெரிந்ததில் பாதிகூடப் பத்து ஆண்டுகளில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அதுதான் உறுத்தியது.

இன்று அந்தக் கட்டடம் எழும்பி நிற்கிறது. வகுப்பறை இருபத்து நான்கும் இருக்கின்றன, கழிவறையும் நடுவில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் காலையில் வருகிறார்கள், இரண்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். திறப்பு விழாவில் பலர் பேசினார்கள். எங்கள் சண்டை எப்படி முடிந்தது என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சண்டை போட்டு இரண்டு நாள் கழித்து வந்தார். மாத முடிவுக்கு நான்கு நாள் இருந்தது. ஒன்றும் நடக்காததுபோல், "சார், சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, கேண்டின் மேசையைக் கைக்குட்டையால் துடைத்து, வரைபடத்தை விரித்தார். ஒவ்வோர் அறையிலும் பென்சிலால் புள்ளிகள் வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கு அங்கே எத்தனை பேர் இருப்பார்கள், பத்துக்கு எத்தனை பேர், பன்னிரண்டுக்கு எத்தனை பேர். எல்லா அறைகளிலும் புள்ளி இருந்தது. பண்டக அறையில்கூட இரண்டு. தரைத்தளத்தின் நடுவில், வாசலைப் பார்த்த ஓர் இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

"இது எனக்குப் புரியல சார். தெரியாமத்தான் கேக்குறேன். புது கட்டடம் வந்தா எல்லாரும் காலையிலேயே படிப்பாங்கன்னீங்க. பிற்பகல் பிரிவே இருக்காது. அப்ப இங்க யாரு உக்காருவாங்க?"

குனிந்து பார்த்தேன். 'பிற்பகல் பிரிவு மேற்பார்வையாளர் அலுவலகம்' என்று எழுதியிருந்தது. எனக்கு ஓர் அறை, எழுத்து வேலை பார்க்கும் என் கிராணிக்கு ஓர் அறை, பெற்றோர் காத்திருக்க ஓர் இடம். மூன்றும் சேர்ந்தால் சரியாக ஒரு வகுப்பறை.

கட்டடத்தில் என்னென்ன அறை வேண்டும் என்ற பட்டியலை எழுதியவன் நான். ஏழு பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பட்டியல். பிற்பகல் பிரிவை ஒழிக்க ஐந்து ஆண்டுகளாகக் கடிதம் எழுதியவன், அது ஒழிந்த பிறகு கட்டும் கட்டடத்தில் அதற்கு ஓர் அலுவலகம் கேட்டிருக்கிறேன். குளிர்சாதனமும், வாசல் தெரிகிற மாதிரி ஜன்னலும் வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் வேறு. எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சத்தியம் செய்வேன். பிற்பகல் பிரிவு போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதோடு மேற்பார்வையாளரும் போய்விடுவார் என்பது என் கைக்குத் தெரியவில்லை.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்குப் பயம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் கதவில் என் பெயர் இருக்காது. வாசலில் அம்மாமார்கள் யாரையும் தேடி வரமாட்டார்கள். அவர் அதை முதல் நாளிலிருந்தே கண்டுபிடித்துவிட்டு, என்னை நோகடிக்காமல் இருக்க மூன்று வாரம் சுற்றிவந்தாரா, அல்லது உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தில் வழக்கமான ஆவலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"யாரும் உக்காரமாட்டாங்க மேடம்" என்றேன்.

பென்சிலை நீட்டினார். தானே அடிக்கலாம், அடிக்கவில்லை. நான் வாங்கி, அந்த மூன்று கட்டங்களின்மேல் ஒரு கோடு போட்டேன். அவர் பென்சிலைத் திரும்ப வாங்கி, அந்த இடத்தில் கழிவறை என்று எழுதினார். இருபத்து நான்கும் அப்படியே இருந்தன. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"அப்ப நீங்க எங்க சார் உக்காருவீங்க?"

இத்தனை பேரில் அதை யாரும் கேட்டதில்லை, நானே கேட்டுக்கொண்டதில்லை. யோசித்து, "ஆசிரியர் அறையில. எல்லாரோடயும்" என்றேன்.

அடுத்த தாளை உருவி ஆசிரியர் அறையை விரித்தார். ஒவ்வொரு மேசையாக விரல் வைத்து எண்ணினார். என்னுடையது அதில் இல்லை. "எந்தப் பக்கம் வேணும்?" என்றார்.

"ஜன்னல் பக்கம் குடுங்க."

"அது மேற்கு சார். மத்தியானம் வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும்."

"அடிக்கட்டும் மேடம். மத்தியானம் நான் வீட்ல இருப்பேன்."

பத்து ஆண்டுகளில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை. அவர் தலை நிமிராமல், ஜன்னல் ஓரம் ஒரு மேசையை வரைந்துகொண்டிருந்தார்.